பெயிண்ட் டப்பா

சிவதாபுரத்தில் எங்களுக்கு ஒரே அறை.
அதில் பாதி பட்டறை.
கொலுசு வளையங்களைக் கோத்து
நான் பத்தவைப்பது ராத்திரி பதினொன்று வரை;
இரும்பாலைக்குக் காலை ஷிப்ட் போகிறவன்
ஒன்பதுக்கே படுத்தாக வேண்டும்.

முதலில் ஒரு கல்யாணப் பத்திரிகையைச் சுருட்டி
பல்புக்குக் குல்லா போட்டேன்.
மூன்றாம் நாள் மணமகன் பெயர் கருகியது.
யாரோ ஜலகண்டாபுரத்துக்காரர், நன்றாயிருக்கட்டும்.

பிறகுதான் இந்த ஒரு லிட்டர் டப்பா.
அடியில் ஹோல்டருக்கு வட்டம் வெட்டி
உள்ளே சுண்ணாம்பு பூசினேன்,
வெளிச்சம் வீணாகாமல் கீழே விழ.
சூடு போக ஆணியால் ஏழு ஓட்டை.
கூரையில் ஏழு பொட்டு விழுகிறது,
அதற்கு நான் பொறுப்பில்லை.
விளிம்பை என் கண்ணுக்கு இரண்டு விரல் கீழே இறக்கினேன்:
பல்பு தெரியக் கூடாது,
பல்பு பார்ப்பது மட்டும் தெரிய வேண்டும்.

அறை இரண்டானது அப்படித்தான்.
செங்கல் இல்லை, திரை இல்லை.
இந்தப் பக்கம் வெள்ளி. அந்தப் பக்கம் குறட்டை.

சண்டை போட்ட அன்று
குறட்டை வரவில்லை.
சீட்டுப் பணம், அவன் தங்கை மாரக்காள், பழைய கதையெல்லாம்
இருட்டில் புரண்டுகொண்டிருந்தது.
நான் தலை நிமிரவில்லை.
கை நடுங்கி ஒரு வளையம் உருண்டு
வட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது.
பாய் நகர்கிற சத்தம். தடவுகிற சத்தம்.

வெளிச்சத்துக்குள் ஒரு கை வந்தது,
மணிக்கட்டு வரைக்கும்.
வளையத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் போனது.

டப்பாவைக் கொஞ்சம் சாய்த்திருந்தால்
முகத்தைப் பார்த்திருக்கலாம்.
சாய்க்கவில்லை.
இன்னும் பதினாறு ஜோடி பாக்கி இருந்தது.