ஒன்று குறைகிறது

காலை ஐந்துக்குக் கரண்ட் வந்தது,
ஒன்பதுக்குப் போய்விடும்.
பழைய பெட்டிக்கும் புதிய பெட்டிக்கும் நடுவே
முழ நீளத்தில் ஒரு நீலக் கம்பி.
ஒன்பது வருஷம் அதன் வழியே
ஊர்ந்து போக வேண்டும்.

புதியதைக் கயிற்றில் கட்டி இழுங்கள் என்றான் கடைப்பையன்.
ஐம்பத்தோராம் தெருவில் கீரை, மருந்து, செய்தித்தாள்
எல்லாம் பால்கனிக் கயிற்றில்தான் ஏறும்.
நான் இறங்கிப் போய்
இடுப்பில் வைத்து ஐந்து மாடி தூக்கி வந்தேன்.
மூன்றாம் மாடி டோ கின் தான் கதவைத் திறந்து
'ரைஸ் குக்கரா?' என்றாள்.
ஆமாம் என்றேன்.

பழையது இரண்டு வாரமாக
உள்ளே நகம் கடிக்கிறது.
டிக். டிக். கொஞ்சம் யோசனை. டிக்.

திரை சொல்கிறது: மீதம் பதினொரு மணி நேரம்.
உடனே, நாற்பது நிமிடம்.
டீ போட்டு வருவதற்குள், இரண்டு நாள்.
இப்படிப் பேச்சு மாற்றும் இன்னொருவரை
மின்சார ஆபீஸில்தான் பார்த்திருக்கிறேன்.

கடைக் கணக்கு போனது.
அம்மாவின் எக்ஸ்ரே போனது.
பீலிக்கான் தீமிதி, நான்கு வருஷத்துப் படம்,
ஒரே நெருப்பு, வேறு வேறு கால்கள்.
ஸோஜி எழுத்தில் பெயர் வைத்த பழைய கோப்புகள் மட்டும்
அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும்
சிந்திய மொச்சைக்கொட்டையாய் உருண்டு கிடக்கின்றன.
பெயர்தான் உடைந்தது, திறந்தால் திறக்கிறது.

பழைய பெட்டியில் என்னைத் தவிர
இரண்டு பேர் குடியிருக்கிறார்கள்.
தங்கவேலு. தெயின் சோ.
வீட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர்,
ஆள் ஒன்றுதான்:
மொஹிங்காவில் எலுமிச்சையை இரண்டு தரம் பிழிகிற என் தம்பி.
பெட்டிக்கு அது தெரியாது.
தெயின் சோவின் அறையைத் தங்கவேலு தட்டினால்
அனுமதி இல்லை என்கிறது.

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்க, நிறுத்தினேன்.
நாமாக நிறுத்தினால் விட்ட இடத்தில் தொடரும்,
அதுவாக நின்றால் தகடு கெடும்.
மியாவடி பஸ்ஸுக்குப் பையைத் தூக்கியபோது
அவன் கடைசியாகச் சொல்லிப் போனது இதுதான்.
போய்ச் சேர்ந்ததும் எழுது என்று சொல்ல
எனக்குத் தோன்றவில்லை,
ஸ்விட்ச் எங்கே என்று கேட்டேன்.

ஒன்று முதல் ஐந்து வரை மறுபடி.
புதிய பெட்டி கேட்டது:
எத்தனை பயனர்கள்?
ஒருவர் என்று அழுத்தினேன்.
தெயின் சோவின் அறையைத் திறக்காமலே
என் பெயருக்கு மாற்றி
'குக்கர் ரசீதுகள்' என்று எழுதினேன்.
எண்பத்திரண்டு ஜிகாபைட் ரசீது.

இரவு ஒன்பதுக்கு மூன்றாம் முறை.
கரண்ட் வந்ததற்கு அடையாளம்
கட்டடம் முழுக்க ஒரே சமயத்தில் இரையும்
தண்ணீர் மோட்டார்கள்தான்.
அட்டவணை வந்த பிறகு யாரும் கத்துவதில்லை.

பதினொன்றரைக்கு முடிந்தது.
அங்கே நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.
இங்கே பதினொன்று.
கணக்குப் பிள்ளை வேலை பார்ப்பவள் நான்,
ஒன்று குறைந்தால் தூக்கம் வராது.
அறை அறையாய் எண்ணிப் பார்த்து
'பலவகை'யில் பிடித்தேன்.

ஒன்பது விநாடி வீடியோ.
முதல் நான்கு விநாடி இருட்டு, ஒரு விரல்.
பிறகு பளிச்சென்று எங்கள் சமையலறை,
கீழே தெரு மொத்தமும் 'மீ லாபி!' என்று அலற,
அதற்கு மேல் ஒரு குரல் தமிழில்,
'அக்கா, அரிசியைப் போடு, அரிசியை'

அங்கே நிற்கிறது.
தகட்டில் அந்த இடம் செத்துவிட்டது.

மூன்று தரம் அனுப்பிப் பார்த்தேன்.
டிக். டிக்.
மறுபடி முயலவா, தவிர்க்கவா
என்று திரை கேட்டுக்கொண்டு நிற்கிறது.
மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.