நாற்பத்தோராவது மூட்டு

ஒலுவிலுக்கு நேரே மூன்று கிலோமீற்றர் கடலில்
பார்ஜ் நிற்கிறது, பதினாறு நாளாக.
ஐஸ் ஆலைக்கு உப்புத்தண்ணிக் குழாய்.

கட்டாரில் ஏழு வருஷம் ஒட்டியிருக்கிறேன்.
அங்கே கிறுகிப் பார்க்க ஒன்றுமில்லை.
இங்கே மஃரிபுக்குக் கச்சான்
நிந்தவூர்ப் பாங்கைக் கொண்டுவந்து
முகமூடிக்குள் போடுகிறது.

வேர் ஓட்டம். கசடு தட்டல். நிரப்பல். மூடி.
கொடுவாச் செதில்போல வரிவரியாய்ப் படிந்தது.
"இத எப்பிடிக் காக்கா கடலுக்க விடுற?" என்றான் சியாம்.

ராவு படம் கழுவி வந்தது. ஹேமசிறி
வெளிச்சப் பெட்டியில் அதைச் செருகி
பேனை முனையால் தொட்டார்:
நாலுமணிப் பக்கம்
கடுகளவு கறுப்பு.
"காத்து. வெட்டு."

காத்தில்லை.
அந்த இடத்தில்தான் சட்டைப்பையில்
ஃபோன் துடித்தது,
கை ஒரு மயிரிழை விலகியது.
சின்னவளின் குரலைப் பிறகுதான் கேட்டேன்:
"வாப்பா, கடல்ல ஒண்டு மின்னுது.
நீங்களா?"

முழு வளையத்தையும் அறுத்தோம்.
விளிம்பு தீட்டி, பொருத்தி, சூடேற்றி முடிய
மணி ஒன்றரை.
கரை முழுக்க இருட்டு.

ஃபோனைச் சியாமிடம் கொடுத்துவிட்டுக்
குழாய்க்கடியில் சரிந்தேன்.
மறுகா மின்னினேன்.