ச என்றும் படிக்கலாம்

நாகர்கோவிலிலிருந்து வந்த பெனினாவின் கைபேசியில்
எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் இருந்தது.
நெல்லையப்பர் கோயில் இசைத்தூணில் காதை வைத்தாள்.
தட்டக் கூடாது என்று காவலர் சொல்லிவிட்டதால்
கல் கல்லாகவே இருந்தது.
ஈரடுக்குப் பாலத்தின் கீழே படம் எடுக்க நின்றோம்,
பேருந்து எங்களைத் திட்டிக்கொண்டே போனது.
ஊசிக்கோபுரம். பழைய கோட்டையின் மிச்சத்தில்
ஏறி உட்கார்ந்த மேடை போலீஸ் ஸ்டேஷன்.
மதியத்துக்குள் பட்டியல் தீர்ந்தது.
"இவ்வளவுதானா?" என்றாள், விரலில் அல்வா நெய்யோடு.

எனக்கு மின்வாரியத்தில் கணக்கெடுக்கும் வேலை.
மாடிப்படிக்குக் கீழே, செருப்புகளுக்கு மேலே,
நாய்ச் சங்கிலி எட்டாத ஒரு முழத்தில்
மீட்டர் பெட்டி எங்கே தொங்குகிறதோ
அங்கேதான் எனக்கு ஊர்.
அப்படிப் பார்த்து வைத்த கல் ஒன்று
கொக்கிரகுளத்தில், ஆவுடைநாயகம் வீட்டுச் சந்தில்.
இடுப்புயரம். வளைந்த தலை. நடுவில் ஒற்றை எழுத்து, ச.
ஆறு வருஷமாக அட்டையை அதன்மேல் வைத்து எழுதுகிறேன்,
சண்முகமோ சங்கரனோ
யாரோ எல்லைக்கு நட்டது என்று.

பெனினா பத்திர ஆபீஸில்
பூச்சி அரித்த தாள்களோடு பிழைப்பவள்.
குனிந்தாள். சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள்.
"ஏட்டி, இது ச இல்ல. நாலு. தமிழ் நாலு.
மைல்கல்லுட்டி இது."

எண் படித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

எங்கிருந்து நாலு? ஸ்கூட்டரை எடுத்தோம்.
நாலு மைல் என்றால் ஆறு கிலோமீட்டரும் கொஞ்சமும்.
மேற்கே பேட்டை தாண்டி ஒரு பஞ்சர் கடை.
காத்தடிக்கவா என்றார். அடித்துக்கொண்டோம்.
கிழக்கே நாற்கரச் சாலை ஓரம் இளநீர்க் கூந்தல் குவியல்.
தெற்கே ரெட்டியார்பட்டி மலை
இதோ என்னும்போதே கணக்கு முடிந்துவிட்டது.
வடக்கே, தாழையூத்துக்கு வெளியே,
சிமெண்ட் தூசி அப்பிய வேம்பு.
அடியில் ஒரு சுடலை, பீடம் மட்டும்,
போன கொடையின் மாலை காய்ந்து கிடந்தது.
"இவருக்கா மைல் போட்டான் வெள்ளைக்காரன்?"
சிரித்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
ஆவுடைநாயகம் துண்டை உதறிக்கொண்டு சந்துக்கு வந்தார்.
"அந்தக் கல்லா? அது இங்கத்த கல்லு இல்லம்மா.
துணி துவைக்க எங்க அப்பா
மாட்டுவண்டில தூக்கிப்போட்டுக் கொண்டாந்தது.
எங்கேருந்துன்னு நான் கேக்கல.
அவுககிட்ட கேள்வி கேட்டா அடி விழும்லா."

பெட்ரோலுக்கு ஆளுக்குப் பாதி கொடுத்தோம்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அந்தச் சந்து.
முந்நூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
அட்டையை வைக்குமுன் எழுத்தைத் தடவினேன்.
எங்கோ ஒரு சாலையில்
மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு குழி இருக்கலாம்.
அல்லது சண்முகத்தின் வயலில்.
நாய் குரைத்தது. அடுத்த வீடு.