வெண்டிக்காய் முத்திரை

கொக்குவில் தபால் கந்தோரில்
நாளுக்கு நானூறு தரம் முத்திரை குத்துகிற கை இது.
ஒரு நாளும் திகதி பிசகினதில்லை.
வீட்டுக்கு வந்தால் இதே கைதான்
அடிமட்டத்தைத் தேடும்.

"யதுர்சன், சப்பாத்தைக் கழட்டு, போத்திலைக் கழுவ வை,
முகத்தைக் கழுவிப்போட்டு வந்து கணக்குக் கொப்பியை எடு."
குசினிக்குள் நின்று எறிந்த நாலும்
நடுவழியில் எங்கேயோ விழும்.
அவன் ஒற்றைச் சப்பாத்தோடு
எறும்பு நிரைக்குப் பக்கத்தில் குந்தியிருப்பான்.

ரீச்சர் சிவப்பால் எழுதி அனுப்பினா, கவனமில்லை என்று.
மாமி சொன்னா, கொழுப்பு.
பக்கத்து வளவில், போன் குடுத்துப் பழக்கினது.
இவர் சொன்னார், "நானும் உப்பிடித்தான் இருந்தனான்,
அடிச்சுத்தான் திருத்தினவை."
இவர் திருந்தின வடிவு
மூன்று மாதமாய் மேசையில் கிடக்கிற
கரண்ட் பில்லுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி கிளினிக்கில் எங்கள் இலக்கம் முப்பத்தொன்று.
துளசிகா மிஸ் என் தங்கச்சியிலும் இளையவ.
அவனை விளையாட விட்டுவிட்டு
என்னைத்தான் கேள்வி கேட்டா.
ஒரு மூச்சில எத்தினை வேலை சொல்லுவியள்?
எவ்வளவு தூரத்தில நிண்டு?
நல்லாச் செய்தாய் எண்டு கடைசியா எப்ப சொன்னனீங்கள்,
எதுக்கு?
படிவத்தைப் பிழையாய் நிரப்பிக்கொண்டு வந்து
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முழிப்பார்களே,
அப்படி இருந்தேன்.

மேசை யன்னலை விட்டுச் சுவருக்குப் போனது.
ரீவி துணி போர்த்துக்கொண்டது.
ஐந்து நிமிஷம் கணக்கு,
பேந்து கிணற்றடிவரை ஒரு ஓட்டம்.
ஒரு நேரத்தில் ஒரு வேலை,
கிட்டப் போய்த் தோளைத் தொட்டு,
கண் கண்ணைக் கண்ட பிறகு.
முடித்தால் அந்த இடத்திலேயே அடையாளம்.
நட்சத்திர ஸ்டிக்கர் வேண்டாமாம்.
"அம்மா வேலையில குத்திறமாதிரி. டொக்."
அரசாங்க முத்திரையை வீட்டுக்குக் கொண்டுவர ஏலாது.
வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி
நீல மையில் ஒற்றிக் கொடுத்தேன்.
ஐந்து இதழ்ப் பூ.
டொக்.

முதல் கிழமை பதினொரு பூ.
அடுத்த கிழமை நாலு.
மூன்றாம் கிழமை,
கணக்கு முடிப்பு வேலையால் பிந்தி வந்த புதன்கிழமை,
அடிமட்டம் எப்படிக் கைக்கு வந்ததோ.
அவன் அழவில்லை.
முழங்கையைத் தடவிக்கொண்டு
"அம்மா, நீங்கள் ஒண்டுதானே சொல்லோணும்" என்றான்.

அன்றிரவு பிரிட்ஜ் கதவில்
அவனுடைய அட்டவணைக்குக் கீழே
கோணல் கோடுகளோடு இன்னொன்று.
தலைப்பு, "அம்மா கத்தேல்லை".
ஏழு கட்டம்.
திங்களுக்கு மட்டும் ஒரு பூ,
வாடின காயால் குத்தினது,
மூன்று இதழ்தான் பதிந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்தும் மிஸ்ஸிடம் முறையிட்டேன்.
இப்பவும் எழும்பிறான்,
ரயில் சத்தம் கேட்டால் கதிரை நிக்காது.
"எழும்பினதை எண்ணாதேங்கோ அக்கா.
திரும்பி வந்ததை எண்ணுங்கோ."

இன்றைக்குப் பின்னேரம்,
மூன்றாவது பெருக்கலில் நிற்கும்போது
ரயில் வருகிறது.
கதிரை இழுபடுகிறது.
வாய்வரைக்கும் வந்ததை விழுங்குகிறேன்.
குழம்பு அடிப்பிடிக்கிற மணம்.
ஒழுங்கை வாசலில் பெட்டிகளை எண்ணுகிற குரல்,
ஒன்பது, பத்து,
பிறகு ஒன்றுமில்லை.
நான் அகப்பையோடு நிற்கிறேன்.
பிறகும் ஒன்றுமில்லை.
பிறகு, கதிரை.

பென்சில் தாளில் உரசத் தொடங்குகிறது.
இவர் சத்தம் போடாமல் வந்து
கரண்ட் பில்லை ஒதுக்கி, கட்டவில்லை, ஒதுக்கி,
மைப் பெட்டியைத் திறந்து வைக்கிறார்.
நான் வெண்டிக்காய் தேடுகிறேன்.
எல்லாம் குழம்புக்குள் போய்விட்டது.
கெதியாய்க் குப்பை வாளியைக் கிளறி
வெட்டியெறிந்த காம்புத் துண்டொன்றை
எடுத்துக் கழுவுகிறேன்.