கட்டம் ஏழு

பெயர்: லுட்கார்ட் டே ஸ்மெட்.
ஊர்: கெண்ட்.
வண்டியின் நிறம்: பச்சை, பெரும்பாலும்.
ஏழாவது கட்டம் மட்டும் காலி:
மிதிவண்டியின் மதிப்பு, யூரோவில்.
ஆறு இலக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
யாரை மனதில் வைத்தோ.

வாங்கியது பதினோரு வருடம் முன்பு,
ப்ரூஹ சாலைக் கடையில், அறுநூற்று நாற்பதுக்கு.
ரசீது இருக்கிறது.
எழுத்துதான் இல்லை, வெளுத்துப் போய்
மஞ்சள் துண்டாகிவிட்டது.
அதையும் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

பின்சக்கரம் நூற்றுப் பத்து.
செயின் மூன்று முறை.
இருக்கை ஒருமுறை, எவனோ கழற்றிக்கொண்டு போனதால்.
அன்று ரயில் நிலையத்திலிருந்து வீடுவரை
நின்றுகொண்டே மிதித்தேன்.
ட்ராமுக்குக் காத்திருந்தவர்கள்
ஒருவர் விடாமல் பார்த்தார்கள்.
பிரேக் கம்பி, டைனமோ, மட்கார்டு, மணி
என்று கூட்டிக்கொண்டே வந்தால்
நான் வாங்கிய வண்டியில் மிச்சமிருப்பது
சட்டமும் இடது கைப்பிடியும்.

நானூறு போடு, என்கிறான் வான்னெஸ்.
வருடத்துக்கு நாற்பது யூரோ மிச்சம்.
தன் வண்டிக்கு இரண்டாயிரத்து நூறு என்று
கை நடுங்காமல் எழுதியவன்.

காப்பீட்டு அலுவலகப் பெண் நிதானமானவள்.
குறைத்து எழுதினால் குறைத்துத்தான் தருவோம்.
ஆயிரம் பெறும் வண்டியை ஐந்நூறு என்றால்
நூறு யூரோ சேதத்துக்கு ஐம்பது.
கூட்டி எழுதினால்?
கூட்டித் தரமாட்டோம்.
சொல்லும்போது சிரித்தாள், கேட்டது.
அதே வண்டி இப்போது வருவதில்லை,
தம்பி போல ஒன்று வருகிறது,
எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது.
எதுவானாலும் முதல் எழுபத்தைந்து என் பாடு.

விலை சொல்வது எனக்குப் புதிதில்லை.
பகலெல்லாம் பல் செய்கிறவள்.
சும்மா முளைத்த கடைவாய்ப் பல்லுக்கு
விழுந்த பிறகு ஆயிரத்து இருநூறு.
வாயைத் திறந்து வைத்திருப்பதால்
யாரும் பேரம் பேசுவதில்லை.

திருடனுக்கும் ஒரு விலை உண்டு, அதுவும் தெரியும்.
ஒரு நள்ளிரவில் மாணவர் விடுதிப் பக்கம்
இருட்டிலிருந்து ஒருவன் வந்து
கறுப்பு வண்டி ஒன்றைக் காட்டி
முப்பது என்றான்.
இருபத்தைந்து, என்றேன்.
வாயில் வந்துவிட்டது.
வாங்கவில்லை.
ஆனாலும் அந்த இருபத்தைந்து
இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.

லேய் ஆற்றில் கொக்கி போட்டு இழுத்தார்கள் போன வசந்தத்தில்.
சேறு வழிய வழிய மேலே வந்தன,
இரண்டு மூன்று பூட்டியபடியே.
யாருக்கும் உதவாமல் பத்திரமாக.

பஸ்ஸில் போனால் நாற்பத்தொரு நிமிடம்,
மிதித்தால் பத்தொன்பது.
மீதி இருபத்திரண்டு நிமிடத்தை, போக வர,
வேலைநாள் இருநூற்றிருபதால் பெருக்கிப் பார்த்தேன்,
தூக்கம் வராத ஒரு ராத்திரி.
நூற்று அறுபத்தோரு மணி நேரம்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இன்னொன்றுக்கும் இல்லை.
பிளாந்தைன் மேட்டிலிருந்து இறங்கும்போது
கல் பாவிய தெரு முடிந்து தார் தொடங்குமிடத்தில்
முன்னும் பின்னும் ஆள் இல்லையென்றால்
இரண்டு கையையும் விட்டுவிடுவேன்.
எண்பது மீட்டர் இருக்கும்.
வயது ஐம்பத்து நான்கு.
இந்த வண்டி நேராகப் போகும்.
தம்பி போலிருக்கிற அந்த வண்டி
போகுமா என்று யாரிடம் கேட்பது?

தொள்ளாயிரம் என்று எழுதினேன்.
பேனாவை மூடிவிட்டுத் திறந்து
நடுச் சைபரை ஐந்தாக்கினேன்.
கூட்டித் தரமாட்டார்கள், தெரியும்.
வருடத்துக்கு நான்கு யூரோ அதிகம்.
முன்னால் மூன்று கட்டம் வெறுமையாக நின்றது.

தொள்ளாயிரத்து ஐம்பதா, என்றான் வான்னெஸ்,
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து.
எந்தக் கணக்கில்?

பூட்டையும் சேர்த்து, என்றேன்.