அவசரத்துக்கு யாரை அழைப்பது

சென்டினல் மலையடியில் கார் நிறுத்துமிடம்.
தகரக் கூரைக்குக் கீழே ஒரு பதிவேடு,
கயிற்றில் கட்டிய பேனா.
பெயர். எத்தனை பேர். கூடாரத்தின் நிறம்.
எப்போது திரும்புவீர்கள்.
கடைசிக் கட்டத்தில்: அவசரத்துக்கு யாரை அழைப்பது.

இருபத்து மூன்று வருஷத்தில்
அந்தக் கட்டத்தில் என் பேனா நின்றதில்லை.
பித்தப்பை அறுவைக்கு, வங்கிக் கடனுக்கு,
நூலக அட்டைக்குக்கூட
குணசீலன், கணவர் என்று
கையே எழுதி முடித்துவிடும்.
இன்றும் 'கு' போட்டாயிற்று.
தோளுக்குப் பின்னால் சிரிப்பு:
"நான் விழுந்தா என்னையே கூப்பிடச் சொல்றியா?"

அடித்துவிட்டு யோசித்தோம்.
அவன் தம்பியோடு பேச்சில்லை,
அப்பா வீட்டை விற்ற நாளிலிருந்து.
என் அக்கா பெர்த்தில். அவள் போனை எடுப்பதற்குள்
நாங்கள் மூன்று தடவை விழுந்துவிடலாம்.
பிள்ளை என்று எழுத
எங்களுக்கு ஒரு பெயர் வாய்க்கவில்லை.
வரிசையில் நின்ற ஜெர்மன்காரர்
மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

எதிர்வீட்டுத் தோகோவின் எண்ணை எழுதினேன்.
நாய்க்குச் சோறு வைக்க
எங்கள் சாவி அவளிடம் இருக்கிறது.
உறவுமுறை என்ற இடத்தில்
'சாவி' என்று எழுதத்தான் தோன்றியது.

பாறையில் அறைந்த சங்கிலி ஏணி.
காற்று அசைந்தால் ஏணியும் அசைகிறது.
நாற்பதாவது படியில்
முழங்கால் என்னுடையதாக இல்லை.
கீழே பார்க்காதே என்று யாரும் சொல்லாததால்
பார்த்துவிட்டேன்.

மேலேயிருந்து அவன் தைரியம் சொல்லவில்லை.
"அந்தப் பிளம்பருக்கு எண்ணூறு ராண்ட் கொடுத்துட்டேன்" என்றான்.
"எண்ணூறா? ஒரு வாஷருக்கா?"
"ரசீது வாங்கல."
மிச்சப் படிகளை
கோபத்திலேயே ஏறி முடித்தேன்.

மேலே புல், வெறும் புல்.
உலகத்து உயரமான அருவிகளில் ஒன்று என்றார்கள்.
இங்கே அது இரண்டு எட்டில் தாண்டக்கூடிய ஓடை,
பாசியைக் கழுவிக்கொண்டு சோம்பலாக வந்து
விளிம்பில்
சட்டென்று தரையில்லாமல் போகிறது.
துகேலா என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன்.
திரும்பவில்லை.

இரவல் கூடாரத்தில் ஒரு ஆணி குறைந்தது,
அவனுடைய பூட்ஸ் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டது.
பீன்ஸ் கறியில் எண்ணெய் உறைந்திருந்தது.
முதுகுப்பையில் நசுங்கிய கேக்கின் மேல்
மூன்று முறை மெழுகுவத்தி ஏற்றினான்,
மூன்று முறையும் காற்றே ஊதிற்று.
ரொட்டியைக் கேக்கில் தொட்டுத் தின்றோம்.

இருட்டில் கேட்டேன்:
"நான் முதல்ல போயிட்டா
அந்தக் கட்டத்துல யார் பேரை எழுதுவே?"
நெடுநேரம் கூடாரத் துணி மட்டும் படபடத்தது.
தூங்கிவிட்டான் என்றே நினைத்தேன்.
"இன்னொரு காலுறை போட்டுக்கோ" என்றான்,
தன்னுடையதைக் கழற்றிக்கொண்டே.

ஞாயிறு இரவு, சாட்ஸ்வர்த்.
சேற்றுக் காலணிகள் வாசலில்,
அவன் குளியலறையில், அந்த எண்ணூறு ராண்ட் குழாயைத் திறந்துவிட்டு.
தோகோ கதவைத் தட்டினாள், காதில் போன்.
பூங்காவிலிருந்து.
இறங்கியவர்கள் கையெழுத்துப் போடவில்லையாம்,
விடிந்தால் தேடக் கிளம்புகிறார்களாம்.

என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால்
தண்ணீர்ச் சத்தத்தை எட்டிப் பார்த்தாள்.
போனில் ஸூலுவில் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.
ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது:
பொபபிலி.
இரண்டு பேரும்.

பிறகு சாவியை நீட்டினாள்.
உன்னிடமே இருக்கட்டும் என்றேன்.