நூற்றிப் பதினாலாம் காத்தாடி

மதியம் இரண்டேகால்.
ராதாபுரத்துக்குத் தெற்கே
காத்தாடியின் தலைமேல், இடுப்பில் கயிறோடு.
எண்ணெய் மாற்றியாயிற்று. இறங்க மனமில்லை.
எண்பது மீட்டர் கீழே
ஜீப் நிழலில் சுருண்டிருக்கிறான் வியாகப்பன்,
கூத்தங்குழிக்காரன்.

இங்கிருந்தால் இரண்டும் தெரியும்:
மேற்கே மகேந்திரகிரி, கிழக்கே அவனுடைய கடல்.
நடுவே செம்மண்,
காலையிலிருந்து காய்ந்து இப்போது தோசைக்கல்.
மண்ணுக்கு வெயிலை வைத்துக்கொள்ளத் தெரியாது,
வாங்கிய கையோடு காற்றுக்குக் கொடுத்துவிடும்.
கடல் கஞ்சன்.
எவ்வளவு வாங்கினாலும் முகத்தில் காட்டாது.

சூடான காற்று எழுந்து போக
அந்தக் காலி இடத்துக்கு
ஈரம் சுமந்து வருகிறது கடற்காற்று,
முருங்கைத் தோட்டங்களைத் தலைகலைத்தபடி.
கொண்டல் என்பான் வியாகப்பன்.
பள்ளிக்கூடத்துச் செய்யுளில் மேகத்துக்கும் அதுதான் பேர்.
பேர் வைத்தவன் யாரோ,
அண்ணாந்து பார்த்துத்தான் வைத்திருக்கிறான்.

கணவாய் வழியே மேலக்காற்றும் வருகிறது.
ஐந்து மாதமாய் இந்த இறக்கைகளுக்குச் சோறு போட்டது.
புரட்டாசியில் தளர்ந்துவிட்டது,
ஆனாலும் விட்டுக்கொடுக்காது.
பணகுடி ரோட்டுக்கு மேலே எங்கோ
இரண்டும் முட்டிக்கொள்கின்றன.
கீழே தரை. பின்னால் தள்ளுகிற கூட்டம்.
மேலேதான் போகவேண்டும்.

பஞ்சு என்பார்கள். பஞ்சில்லை,
உலையில் பொங்கும் கஞ்சி அது.
உயர உயரக் குளிர்ந்து
ஆவி துளியாகும்போது
கடலில் வாங்கிய வெயிலை அங்கே திருப்பிக் கொடுக்கிறது.
அந்தச் சூட்டில் இன்னும் ஏறுகிறது.
கஞ்சன் என்றது தப்பு.
பத்துக் கிலோமீட்டர் உயரத்தில்
அத்தனையையும் செலவழிக்கிறது கடல்.

அப்புறம்
எதுவும் அசையவில்லை.

வாக்கிடாக்கியில் அவன்:
"ஏலே, எறங்கு."
"காத்தே இல்லையே, மானி சும்மா நிக்கி."
"நிக்கதுனாலதாம்ல எறங்குங்கேன்."

இப்படி ஓய்ந்த ஒரு நிமிஷத்துக்குப் பிறகுதான்
அவன் வீட்டுச் சுவரில் ஒரு படம் ஏறியது.
நாங்கள் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

இரும்புக் குழாய்க்குள் இருநூற்று எண்பது சொச்சம் படி.
பாதியில் கோபுரம் அதிர்ந்தது.
பற்களில் கேட்டேன் இடியை.
கீழே கதவைத் திறந்தால்
ஐஸ்பெட்டி திறந்த மாதிரி ஒரு காற்று.
கொண்டலுமில்லை, மேலக்காற்றுமில்லை,
மேலே போனது விழுந்து சிதறுகிற காற்று.
இதற்கு அவனிடமும் பேரில்லை, என்னிடமும்.

மழை எங்களுக்கில்லை.
சமூகரெங்கபுரத்துப் பக்கம் சாம்பல் திரை.
ஜீப் கண்ணாடியில் ஏழெட்டுத் துளி
தூசியை இழுத்துக்கொண்டு ஒழுகிற்று.
வியாகப்பன் ஒன்றைத் தொட்டு
நாக்கில் வைத்தான்.
"உப்பில்ல" என்றான்,
நம்பாதவன் போல.